சந்தனம் வைத்த கை

தம்பி, இன்று காலை உன் பாட்டு அறையில், நீ பாட்டின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்த அந்தப் பலகைக்கு மறுபடி உயிர் வந்தது. ஒயரைச் செருகி, நீ பாதியில் விட்ட பாட்டைக் கம்ப்யூட்டரில் திறந்ததும், அதன் எட்டுத் தள்ளுகட்டைகளும் கிர்ரென்று ஏறி இறங்கி, யாரும் தொடாமலே ஆளுக்கொரு இடத்தில் நின்றன. நீ கடைசியாக விட்ட இடமாம். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

திறந்தவள் உன் பெண்டாட்டி. அரக்கோணத்தில் ஒரு மெக்கானிக்கிடம் பலகையைக் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கி வந்திருக்கிறாள். ஆடிக் கிருத்திகைக்குள் உன் காவடிப் பாட்டை முடித்துவிட வேண்டுமாம்.

சர்க்கரை உன் கண்ணைத் தின்ற வருஷம் வாங்கிய பலகை அது. "மவுஸ புடிச்சிகினு அம்புக்குறி எங்க கீதுன்னு தேட என்னால ஆவாதுக்கா. இதுன்னா விரலாலயே பாத்துக்குவேன்" என்றாய். முதல் நாள் அது பாதிதான் பேச்சுக் கேட்டது. நீ கட்டையைத் தள்ளினால் பாட்டின் சத்தம் ஏறியது. கம்ப்யூட்டரில் மாற்றினால் கட்டை அசையவில்லை. அவள்தான் திரையை எழுத்துக் கூட்டிப் படித்து, "பலகைலருந்து கம்ப்யூட்டருக்குப் போற வழி போட்டுக் கீது, திரும்பி வர்ற வழி காலியா கீதுங்க" என்று கண்டுபிடித்தாள். "பத்தாவது படிச்ச பொண்ண கட்டினது வீண் போவல" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

எனக்கு அஞ்சாங்கிளாஸ் தமிழோடு சரி. எந்தக் கட்டை எதற்கென்று உன் விரலுக்குத் தெரிய அடையாளம் ஒட்டுவதுதான் எனக்குக் கிடைத்த வேலை. பம்பைக்குப் புளியங்கொட்டை, உடுக்கைக்கு மிளகு, உன் குரலுக்கு என் ரவிக்கைக் கொக்கி.

"குத்துதுக்கா."

"குத்தட்டும். அப்பவாவது அக்கா ஞாபகம் வரும்."

ஆயுத பூஜையன்று அவள் கூடத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். தையல் மிஷினுக்கும் ஆட்டோவுக்கும் பொட்டு வைக்கிற ஊரில் உன் பலகையை மட்டும் விடுவதா? நான் போய்க் கட்டைக்குக் கட்டை சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். தண்ணீராகக் கரைத்துவிட்டேன் போல. கட்டை ஓடுகிற சந்துக்குள் வழிந்து, மறுநாள் காய்ந்து இறுகிவிட்டது. நீ தள்ளினாய், வரவில்லை. உள்ளே மோட்டார் முனகி முனகி அதுவும் அடங்கியது.

"யாரு வெச்சது?" என்று கேட்டாய்.

"உன் பொண்டாட்டிதான். பூஜ போட்டது அவதானே?" என்றேன்.

"நான் அந்த ரூமுக்குள்ளயே போவலீங்க" என்று அவள் அழுதாள்.

"எங்கக்கா பொய் சொல்லுமா?" என்று கத்தினாய்.

அத்தோடு அவளை அந்த அறைக்குள் விடவில்லை. பலகையும் போய், திரையைப் படித்துச் சொல்கிற ஆளும் போய், பாட்டு அப்படியே நின்றது. தை மாசம் நீயும் போய்ச் சேர்ந்தாய்.

ஏன் சொன்னேன்? உங்கள் கல்யாணத்தில் அவள் வீட்டார் எனக்கு வைத்த நாத்தனார் புடவை ஓரம் நைந்த பழசு. கத்தரிப்பூக் கரை. இருபத்தாறு வருஷமாய் அந்தக் கோபத்தை நான் விடவில்லை. அதைவிட, உன் பக்கத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்து திரையைப் படித்தது. இரண்டும் சேர்ந்து வாயில் வந்துவிட்டது.

இன்று உள்ளே போய், "சந்தனம் வெச்சது நான்தாம்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நாலு மாசம் அண்ணி. சோறு போட்டா துன்னாரு, மாத்திர குடுத்தா முழுங்கினாரு. இன்னா ஏதுன்னு ஒரு பேச்சு இல்ல. அந்த நாலு மாசத்த நான் எங்க போயி வாங்கட்டும்?"

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். யாரையும் மன்னித்துப் பழகாதவளுக்கு அதைக் கேட்கவும் தெரியவில்லை. அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு பாட்டை ஓடவிட்டாள். உன் குரல் வந்ததும் நான் வெளியே வந்துவிட்டேன்.

அவள் என்னை மன்னிக்க வேண்டாம், தம்பி. அது அவள் பாடு. ஆனால் அன்றைக்கு யார் வைத்தது என்று கேட்டபோது நீ அவள் பக்கம் திரும்பவே இல்லை. முகத்தை என் பக்கம் காட்டிக் கேட்டாய். கண் போன பிறகு, போட்டிருக்கிற சட்டை என்ன நிறம் என்பதைக் கூட என்னைக் கேட்டுத்தான் நம்பினாய். அந்த முகம் இன்னும் என் பக்கமே திரும்பியிருக்கிறது, நான் சொல்வதை அப்படியே நம்பக் காத்துக்கொண்டு.