என் பெயர் கொண்டவன்

1918 பிப்ரவரி 5

மதியம் டர்னிப் கிழங்கு சூப். இரவுக்கும் அதுவேதான் என்று ஒட்டிலியா அக்கா இப்போதே மிரட்டிவிட்டாள். "சிற்றரசன்னா சின்னக் கிண்ணம் போதும்டா," என்கிறாள். அவளுக்கு எப்போதும் என்னைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

மாவு ஆலைக்கார வால்புர்கா வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஏழு பிள்ளை பெற்றவள். ஐந்து பேர் இந்தப் போரில் போய்விட்டார்கள். ஆறாமவன் கண்ணிழந்து வீட்டில் கிடக்கிறான். ஏழாமவன் மட்டும் பிரான்சில், என் படைப்பிரிவில் இருக்கிறான்.

"பிரபு, அவன் உங்க ஞானப்பிள்ளை. ஞானஸ்நானத்தப்போ நீங்கதான் கையில ஏந்துனீங்க. உங்க பேரைத்தான் வெச்சோம். ஒருத்தனையாவது எனக்குத் திருப்பிக் குடுங்க."

எங்கள் நாட்டில் ஒரு வீட்டில் வரிசையாய் ஏழாவது ஆண் பிறந்தால் அரசன்தான் ஞானத்தகப்பன். ஒரு வெள்ளிக் கிண்ணமும் அரசனின் பெயரும் குழந்தைக்குப் போகும். என் தாத்தா காலத்து வழக்கம். என் காலத்தில் ஏழாவதாய்ப் பிறந்தவன் இவன் ஒருவன்தான். ஆகவே இந்தப் பூமியில் லூடால்ஃப் என்று இரண்டு பேர். ஒருவன் பதுங்குகுழியில், ஒருவன் சூப் முன்னால்.

கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். தளபதியை நேரிலேயே பார்த்துக் கேட்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 9

சீருடையைப் பூச்சி அரித்திருக்கிறது. அக்கா தைக்கிறாள், திட்டிக்கொண்டே.

பிப்ரவரி 19, போர்முனைக்குப் பின்னால்

படைப்பிரிவுக்கு என் பெயர். அதன் கௌரவ கர்னல் நான். ஆனால் என் கட்டளைக்கு அங்கே ஒரு குதிரைகூடத் திரும்பாது. எல்லாம் பேரரசரின் பெர்லின்காரர்கள் கையில்.

தளபதி மதிய விருந்து வைத்தார். வறுத்த வாத்து! ஊரில் பிள்ளைகள் கிழங்கைத் தின்கிறார்கள், இங்கே வாத்து. வெட்கமில்லாமல் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

எப்படிப் பேச்சை எடுப்பது என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போது அவரே ஆரம்பித்தார். "இங்க வர்ற ஒவ்வொரு பிரபுவும் பாக்கெட்ல ஒரு பேரோட வர்றாங்க. என் சமையக்காரன் மகன், என் கோச்சுவண்டிக்காரன் மருமகன், இவனைப் பின்னால அனுப்புங்கன்னு. உங்க பாக்கெட்ல யாரு?"

மேஜையே சிரித்தது.

"யாரும் இல்லை," என்றேன். "என் வீரர்களைப் பார்க்க வந்தேன், அவ்வளவுதான்."

எதற்கு அப்படிச் சொன்னேன்? ஒரு பெயர். ஒரே ஒரு பெயர். அதுவும் என் பெயர்! வாயில் வாத்து இருந்தது, அதனாலா?

பிறகு நெஞ்சு உறுத்தியது. அவனுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. மாலை அணிவகுப்பில் அவனை முன்னே அழைத்து, எங்கள் குலத்தின் வீரச் சிலுவைப் பதக்கத்தை என் கையாலேயே அவன் சட்டையில் குத்தினேன். காதெல்லாம் சிவந்துவிட்டது அவனுக்கு. "அம்மாகிட்ட சொல்லுங்க, ஞானத்தகப்பா. ரொம்ப சந்தோஷப்படுவாங்க," என்றான்.

தளபதி கை தட்டினார். "சிலுவை போட்டவனைப் பின்வரிசையில வெச்சா படை சிரிக்கும். இனி இவன் கார்ப்பரல். அடுத்த தாக்குதல்ல இவன் குழுதான் முதல்ல போகும்."

எங்களைப் போன்ற சிற்றரசர்களுக்கே உரிய புத்தி இது. கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரியாது, பதக்கம் மட்டும் குத்தத் தெரியும்.

பிப்ரவரி 23

வீடு. வாசலிலேயே நின்றிருந்தாள் வால்புர்கா.

"கேட்டீங்களா, பிரபு?"

"கேட்டேன். மறுத்துவிட்டார்."

என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். "நீங்க கேட்டதே போதும். எங்களுக்காக யாரு போய் கேக்குறா?" என்று அழுதாள். சிலுவையைப் பற்றிச் சொன்னேன். கார்ப்பரல் ஆனதைச் சொன்னேன். முதலில் போகப்போகிறவன் அவன்தான் என்பதைச் சொல்லவில்லை.

அக்காவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியைக் கீழே வைத்தாள். "அடப்பாவி. பொய் சொல்ல வந்த வாய் அங்க கேக்க வரலையா? உடனே தந்தி அடி. கௌரவமாவது கத்திரிக்காயாவது!"

நாளை அடிக்கிறேன் என்றேன்.

மார்ச் 3

இன்னும் அடிக்கவில்லை. மேஜையில் சிரித்தவர்கள் இன்னொரு தடவை சிரிப்பார்கள் என்ற நினைப்பு.

மார்ச் 12

அக்கா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தந்தி அடித்தேன். ஒளிவுமறைவின்றி: அவன் என் ஞானப்பிள்ளை, தாய்க்குத் திடமாக மிஞ்சிய ஒரே மகன், பின்னால் அனுப்புங்கள்.

மார்ச் 16

பதில் வந்துவிட்டது. "தாராளமாக. அன்றைக்குச் சாப்பிடும்போதே சொல்லியிருக்கலாமே. இப்போது ஆட்களை மாற்ற நேரமில்லை. வரும் தாக்குதல் முடிந்ததும் அனுப்புகிறேன்."

சொல்லியிருக்கலாமே! அவ்வளவு சுலபம். ஒரு வாய் வாத்தை விழுங்கிவிட்டுச் சொல்லியிருந்தால் போதும்.

மார்ச் 21

தாக்குதல் தொடங்கிவிட்டதாம். மாதா கோவில் மணியை அடிக்கச் சொன்னார்கள். பெரிய மணியை உருக்கிப் பீரங்கியாக்கிவிட்டோமே, சின்ன மணிதான் இருக்கிறது. அதை அடித்தார்கள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு, இறந்தவர்களின் பெயர்களை அரசனே எழுந்து நின்று வாசிப்பது இங்கே முறை. வாசித்தேன். கடைசியில் என் பெயர் வந்தது. தாக்குதலின் முதல் நாள் காலையிலேயே விழுந்துவிட்டான், முதலில் ஓடியவன்.

"லூடால்ஃப்" என்றதும் இரண்டொருவர் தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். அங்கே நிற்பவன் செத்தவனா என்று பார்ப்பதுபோல இருந்தது. தாளைக் கீழே இறக்கினேன். மூன்றாவது வரிசையில் வால்புர்கா, கண் தெரியாத மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் முடிப்பதற்காகக் காத்திருந்தாள்.

வெளியே வந்ததும், "அழாதீங்க பிரபு, உங்களால ஆனதை நீங்க செஞ்சீங்க," என்று என்னைத் தேற்றினாள். என்னை!

ஜூன் 30

எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 11

முடிந்துவிட்டது. போரும், நானும்.

காலையில் சிவப்புத் துணி கட்டிய புரட்சிச் சிப்பாய்களும் தொழிலாளிகளும் முற்றத்தில் நிறைந்துவிட்டார்கள். பூட்டுக்காரன் ஒருவன்தான் தலைவன். முடிதுறக்கும் தாளில் கையெழுத்து வாங்கினான். பேனா எழுதவில்லை, அவனுடைய பென்சிலைக் கொடுத்தான். "பொழுது சாயறதுக்குள்ள எல்லையத் தாண்டிரணும்," என்றான். கூட்டத்தில் ஒருவன், "வெறுங்காலோட அனுப்புடா!" என்று கத்தினான்.

அப்போது வால்புர்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள்.

"ஏய், யாருக்கு உங்கள்ல ஆறு பிள்ளை செத்திருக்கு? அப்ப நான் பேசுறேன், வாயை மூடுங்க. இந்த மனுஷன் என் பையனுக்காகப் போர்முனைக்கே போய் கெஞ்சினாரு. வேற எந்த ராசா போனான்? இவரை அனுப்புறதுன்னா என் பொணத்தைத் தாண்டி அனுப்புங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். இப்போது சொல், இப்போதாவது சொல் என்றது அந்தப் பார்வை. நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தோட்டக்காரன் வீட்டில் குடியிருக்க அனுமதித்திருக்கிறார்கள். விறகும் உண்டாம்.

டிசம்பர் 14, சனி

இந்தச் சனியும் வால்புர்கா ரொட்டி கொண்டுவந்தாள். ஆலையில் மீண்டும் கோதுமை அரைக்கிறார்களாம். அவள் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன். அன்றைக்கு நான் கேட்கவே இல்லை, அம்மா. எவ்வளவு சின்ன வாக்கியம்.

பட்டங்கள் எல்லாம் ஒழிந்துவிட்டன, இனி பிரபு என்று யாரையும் அழைக்கக் கூடாது. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வாசலில் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, அவள் நாக்குக்கு இருபது வருஷமாய்ப் பழகிய பெயர்தானே, அதைச் சொல்லியே கூப்பிட்டாள்.

"லூடால்ஃப், சூடா இருக்கு. ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க."

சாப்பிட்டேன்.