தலைகீழாகப் படிப்பவள்

மார்ச் 4
இரட்டை மேசை வந்து மூன்று வாரம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார ஒரே பலகை. இடம் மிச்சமாம். பதினெட்டு வருடமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் விவரத் தாள்களுக்குப் பிழை திருத்தியவள் நான். இப்போது எதிரே ஒரு முகம். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எதிர்சீட்டு என்றுதான் அவளுக்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

மார்ச் 9
தன் தாளைவிட என் தாளைத்தான் அதிகம் பார்க்கிறாள். தலைகீழாகவே படிக்கிறாள் — உதடு அசைகிறது. நிமிர்ந்தால், லைட் போதுமா அக்கா என்கிறாள். என்ன ஒரு அக்கறை!

மார்ச் 15
டீ குடித்துவிட்டு வந்தால், தாள் வைத்த இடத்தில் இல்லை. ஓரத்தில் பென்சிலில் திருத்தக் குறி, நான் போடுவது போலவே. நான் போட்டதா? போட்டிருந்தால் ஞாபகம் இருக்காதா? ஜூனில் தலைமைத் திருத்துநர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு அடிபோடுகிறாள். விட்டுக்கொடுக்க நான் என்ன இளிச்சவாயா?

மார்ச் 16
வீட்டுக்காரரிடம் சொன்னேன். எனக்கு எல்லார் மேலும் சந்தேகமாம். இவரிடம் சொன்னது என் தப்பு.

மார்ச் 22
மேலாளரிடம் நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன். ஜன்னலோரம் தனி மேசை கொடுத்தார். எதிர்சீட்டின் முகம் சுண்டிப்போயிற்று. பிடிபட்டவள் முகம் வேறெப்படி இருக்கும்?

மார்ச் 23
நிம்மதி.

ஏப்ரல் 6
குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து. 2.5 மில்லி என்பது 25 என்று அச்சாகிவிட்டது. திருத்திய பிரதியின் அடியில் என் கையெழுத்து. தாள் மடிக்கும் இடத்தில் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தியது எதிர்சீட்டுதான். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய், நான் முடித்த தாள்களைப் படித்துக்கொண்டிருந்தாளாம். ஒரு குழந்தை குடிச்சிருந்தா? ஐயோ, நான் என்ன பண்ணியிருப்பேன்?

மூலப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். புள்ளி அங்கே இருக்கிறது என்று தெரிந்த பின்னும் என் கண்ணில் படவில்லை.

ஏப்ரல் 7
இரட்டை மேசையிலும் இதைத்தான் செய்தாயா என்று கேட்டேன்.

"ஆமாக்கா. ஒரு நாளைக்கு நாலஞ்சு தப்பு விட்டுப்போயிருக்கும். சொன்னா தாங்க மாட்டீங்கன்னு நானே குறி போட்டு வச்சேன்."

"மேலாளர்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க வேலை போயிடும்ல."

இப்போதும் அவள் மேல் கோபம்தான் வருகிறது. அதுதான் வெட்கமாக இருக்கிறது. கண்ணை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து வேலையில் உட்காரச் சொல்லிவிட்டார் மேலாளர்.

ஏப்ரல் 11
கண் மருத்துவமனை. வேண்டாம் என்றாலும் கேட்காமல் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். பலகையில் மூன்றாவது வரியைப் படிக்கச் சொன்னார்கள். என்னை அறியாமல் அவள் பக்கம் திரும்பினேன். உதட்டை இறுக மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"தெரியல டாக்டர்" என்று நானே சொன்னேன்.