எங்கள் போஸ்டரில் அவர்கள் பறவை

ஜூன் 3, செவ்வாய்

மதியம் முழுக்கப் போஸ்டரோடு போனது. ஏரியில் தூண்டில் போடுகிறவர்கள் அறுந்த நைலான் நூலைக் கரையில் வீசிவிட்டுப் போகக் கூடாது, அதுதான் விஷயம். எங்கள் காலேஜ் சுற்றுச்சூழல் மன்றத்தில் உருப்படியாக வேலை செய்வது நானும் கோந்தும்தான். போஸ்டர் ஒட்டி ஒட்டியே அவனுக்கு அந்தப் பெயர் வந்தது. இப்போது வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம்.

கீழ் மூலை காலியாக இருந்தது. "மொட்டையா இருக்கு," என்று பறவை மீட்பு அறக்கட்டளையின் லோகோவை எடுத்து வைத்தான். இரண்டு உள்ளங்கைகள், நடுவில் ஒரு வெள்ளைப் பறவை. அடியில் காலேஜ் பெயர், என் போன் நம்பர். போஸ்டருக்குக் களை வந்துவிட்டது.

"அவங்களக் கேக்க வேண்டாமா?"

"நல்ல காரியத்துக்குத்தானே."

அந்தப் பதில் எனக்கும் வசதியாக இருந்தது.

ஜூன் 5

ஒரு லோகோவுக்கு இவ்வளவு சக்தியா? போன மாதப் போஸ்டரைப் பசை காயும் முன்பே கிழித்துப் போட்ட காவலாளி இதை நின்று படிக்கிறார். கடைக்காரர்கள் ஒட்டுவதற்கு அவர்களே இடம் காட்டுகிறார்கள். ஒருத்தி தன் குழந்தையைத் தூக்கி அந்தப் பறவையைத் தொடவைத்தாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஜூன் 7

தெரியாத நம்பர்கள். எடுக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு



காலையில் மறுபடி தெரியாத நம்பர். எடுத்தால், "பறவைக்காரங்களாம்மா? உங்க காலேஜ் வாசல்ல நிக்கிறேன், சீக்கிரம் வாங்க," என்றார் ஒருவர். போனால், ஏரிக்கரை சைக்கிள் கடைக்காரர், கடையைப் பூட்டிவிட்டு ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு நிற்கிறார். உள்ளே ஒரு சாம்பல் நாரை. இறக்கையைச் சுற்றி நைலான் நூல், சதைக்குள் இறங்கியிருந்தது.

நாங்கள் வெறும் மாணவர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "போஸ்டரப் பாத்தேன். அப்பாடா, இனிமே உங்க பொறுப்பு," என்று பெட்டியை என் கையில் வைத்துவிட்டு நிம்மதியாகப் போய்விட்டார். அந்த நிம்மதிதான் என்னைக் கொன்றது.

வீட்டுக் குளியலறையில் விட்டேன். அம்மா எட்டிப்பார்த்து, "ஒட்டகச்சிவிங்கி கிடைக்கலையா?" என்றாள். பிறகு இறக்கையைப் பார்த்தாள், விளக்கைப் போட்டுக் கிட்டே வந்தாள்.

அறக்கட்டளைக்குப் போன் செய்தால் லோகோ விஷயம் வெளியே வரும். பிரின்சிபால் மன்றத்தையே இழுத்து மூடுவார். செய்யாவிட்டால்— நாரை ஒரு மஞ்சள் கண்ணால் என்னையே பார்த்தது. கெஞ்சவில்லை, பயந்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. இப்படி ஒரு பார்வையை நான் எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை.

"அது செத்துப்போனா அப்புறம் உங்க மன்றம் எதுக்குடி?" என்றாள் அம்மா.

செய்தேன்.

இரவு

அவர்களுடைய டாக்டர் வந்தார். குள்ளமான, அவசரமான பெண். வேனின் கதவில் அதே கைகள், அதே பறவை. சேறு அப்பி, வண்ணம் உரிந்து.

"அலகை விடாம பிடி. விட்டா கண்ணப் பேத்துடும்," என்றார். பிடித்தேன். அவர் இறக்கையை விரித்தபோது குளியலறையில் சுவரே தெரியவில்லை. சாம்பல், கறுப்பு, அடியில் பால் வெள்ளை. இவ்வளவையும் மடித்து வைத்துக்கொண்டா அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது? எனக்கு அழுகை வந்தது. துடைக்கக் கை இல்லை.

கட்டுப் போட்டு முடித்த பிறகுதான் கேட்டார்: "எங்க லோகோ போட்டு உன் நம்பரா? எத்தனை பேர் கூப்பிட்டாங்க?"

எடுக்காத அழைப்புகளைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இப்பவே கூப்பிடு," என்றார்.

முதல் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். இரண்டாவதில் ஒரு வயதானவர். "பரவாயில்லம்மா, அந்தப் பறவைக்கு நேத்தே உசுரு போயிடுச்சு. நீங்க வேற எங்கயாவது வேலையா இருந்திருப்பீங்க."

எனக்காக அவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்.

ஜூன் 9

விடிந்ததிலிருந்து நானும் கோந்தும் லோகோமேல் வெள்ளைத்தாள் ஒட்டினோம். என் நம்பரை மறைத்து அவர்களுடைய நம்பரை எழுதினோம். அது டாக்டர் சொன்னது. பிரின்சிபாலிடம் நானே போய்ச் சொன்னேன். இந்த வருடம் மன்றம் கிடையாதாம். கோந்து மிச்சப் பசை டப்பாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். 

ஜூன் 20

நாரை பிழைத்துவிட்டது. இறக்கையின் நுனியை எடுத்துவிட்டார்கள். இனிப் பறக்காது. சைக்கிள் கடைக்காரரிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

விடுமுறை நாட்களில் இப்போது அறக்கட்டளையில்தான் கூண்டு கழுவுகிறேன். காற்றில் கூடு சரிந்து விழுந்த நாரைக்குஞ்சு ஒன்றை வெள்ளிக்கிழமை அங்கே கொண்டுவந்தார்கள். எங்கள் கையிலிருந்து எதையும் வாங்கவில்லை. நேற்று டாக்டர் அதை அந்த நாரையின் கூண்டில் விட்டார். "கொத்திடாதா?" என்றேன். "தெரியாது. பாப்போம்."

நாரை வெகுநேரம் அசையவில்லை. பிறகு மெல்ல நடந்து வந்து, தலையைத் தாழ்த்தி, தான் விழுங்கிய மீனைக் குஞ்சின் முன்னால் கக்கியது. குஞ்சு தின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டரும் அப்படித்தான் நின்றார்.

இன்று சைக்கிள் கடைக்காரருக்குப் போன் செய்தேன். இறக்கை போனதையும் சொன்னேன், இதையும் சொன்னேன்.

"அதோட குஞ்சாம்மா?"

"இல்லண்ணே. யாரோ கொண்டுவந்து விட்டது."



"நான் ஒருதரம் வந்து பாக்கலாமா? உள்ள விடுவாங்களா?"

"அடுத்த ஞாயிறு வாங்கண்ணே. அன்னிக்குக் கேட் சாவி என்கிட்டதான் இருக்கும்."