தொண்ணூற்றொன்றில் ஒன்றைக் கழித்தவன்

அநியாயத்துக்கு நல்ல பிள்ளையாக இருந்து என் மானத்தை வாங்கிய முரளிக்கு,

எப்படிடா இருக்கிறாய்? அங்கேயும் உன்னைத்தான் முதல் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். ஐந்து மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்து வரவேயில்லை. நான் இதை அழுதுகொண்டு எழுதவில்லை. பொறாமையில் எழுதுகிறேன். உன் போட்டோ பிரேயர் ஹாலில் மாலையோடு இருக்கிறது. என் போட்டோ இதுவரை ஹால் டிக்கெட்டில் மட்டும்தான் வந்திருக்கிறது.

நம் ஸ்கூல் கம்ப்யூட்டர் விஷயம் சொல்ல வேண்டும். மணியடிக்கும் அண்ணன் ரிட்டயர் ஆனதும், மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு, அதையே ஸ்பீக்கரில் மணியடிக்க வைத்தோமே, அதுதான். அதில் இடம் கம்மி. பேக்கேஜ் என்கிற குட்டிக் குட்டி மென்பொருள்களில், இது இல்லாமல் முடியவே முடியாது என்பதை விட்டு மீதியைத் தூக்க வேண்டும். யார் பட்டியல் சின்னது என்று நமக்குள் போட்டி. நீ பேக்கேஜைக் குறைப்பாய், நான் உன்னைப் பார்த்துக் குரைப்பேன். நான் நூற்றுநான்கில் மூச்சு வாங்கி நின்றேன். நீ தொண்ணூற்றொன்றில் விசில் அடித்தாய். உன் பட்டியல்தான் பெட்டியில் ஏறியது.

போட்டியைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால் ஜெயித்தவன் யார்? சொல்லேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில், ஸ்கூல் திறக்கும் முன்பே போய் உன் பட்டியலை ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். ஒன்று கண்ணில் பட்டது. உலகத்து ஊர்களின் நேரக் கணக்கெல்லாம் அடங்கிய பேக்கேஜ். அமெரிக்காவில் மணி எத்தனை என்று நம் அடி அண்ணாமலை ஊர்க்காரனுக்கு எதற்கு? தூக்கினேன். பெட்டியை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டேன். தொண்ணூறு! எண்ணிக்கையைப் பார்த்துக் குதித்தவன், திரை மூலையில் ஓடிய கடிகாரத்தைப் பார்க்கவில்லை. உலகத்து நேரத்தை எடுத்தபோது அதற்குள் இருந்த நம் ஊர் நேரமும் சேர்ந்து போய்விட்டது, மச்சான். பெட்டி கிரீன்விச் நேரத்துக்கு, ஐந்தரை மணி நேரம் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

காலையில் மணியே இல்லை. ஸ்பீக்கர் ஒயரில் ஏதோ கோளாறு என்று பி.டி. சார் விசில் ஊதியே சமாளித்தார். மத்தியானம் இரண்டு ஐம்பதுக்கு, கணக்கு வகுப்பு நடுவில், காலை ஒன்பது இருபதுக்கு அடிக்க வேண்டிய பிரேயர் மணி கணீரென்று! ஆறாம் வகுப்புப் பொடிசுகள் ஓடிப்போய் மைதானத்தில் வரிசை கட்டி, கைகூப்பிப் பாடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

ஹெச்.எம். நேராக என்னிடம்தான் வந்தார். மணிக்குப் பதிலாக ஒருநாள் நான் ஸ்பீக்கரில் ஆடு கத்த வைத்ததை அவர் இன்னும் மறக்கவில்லை.

"டேய் ரகு, உன் வேலைதான?"

"சத்தியமா வெளாடல சார்."

அது உண்மைதானே? விளையாட்டுக்கு நான் அதைச் செய்யவில்லையே. அவர் நம்பிவிட்டார். அதுதான் வினை.

"அப்ப முரளி போட்டதுலதான் கோளாறு. பாவம், சின்னப் பையன், அவனுக்கு என்னா தெரியும்? வேங்கிக்கால்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவரு ஒருத்தரு இருக்காரு. நாளைக்கு வரச்சொல்லி மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுக்கலாம்."

மறைக்காமல் சொல்கிறேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு இனித்தது. முதல்முறையாக உன்மேல் ஒருவர் குறை சொல்லிக் கேட்கிறேன். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், நீ தோற்றவன். ஆனால் அழித்துவிட்டால் அப்புறம் யாரோடு நான் போட்டி போடுவது?

"சார், நான்தான் சார் எடுத்தேன்."

"எத?"

"டைம சார். உலகத்து டைம் பூரா."

"ஏண்டா?"

"அவன் தொண்ணூத்தொண்ணு சார். நான் தொண்ணூறு."

அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போய்ச் சேந்தவனோட என்னடா போட்டி?" என்றார். அதை உன்னிடமே கேட்கிறேன். பதில் இருக்கிறதா?

கடைசியில், "எது எதுக்கு இருக்குதுன்னு ஒண்ணு வுடாம எழுதிக் குடு. திங்கக்கெழமை வரைக்கும் டைம். இல்லன்னா வேங்கிக்கால்காரருதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எடுத்ததைத் திரும்பப் போட்டேன். மணி ஒழுங்காக அடிக்கிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எண்பத்தெட்டுக்குக் காரணம் எழுதிவிட்டேன். நீ ஏண்டா ஒரு வரி குறிப்புகூட வைக்காமல் போனாய்? ஒவ்வொன்றுக்கும், "இதை இவன் எதுக்கு வெச்சான்?" என்று உன் மண்டைக்குள் புகுந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பாதி இடத்தில் நீ சரி. மீதிப் பாதியிலும் நீதான் சரி. எரிகிறது எனக்கு.

இன்னும் மூன்று இருக்கிறது. சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம். முடித்தால் உன்னிடம் கேட்க ஒன்றும் இருக்காதே என்று பேனாவை உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் முடிப்பேன். உன் பெட்டியை எவன் கையிலும் கொடுக்க மாட்டேன். ஒருநாள் அதை நியாயமாகவே எண்பத்தொன்பதுக்குக் கொண்டுவருவேன். எதை எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று பக்கத்திலேயே எழுதியும் வைப்பேன். எனக்குப் பின்னால் வந்து எவனாவது பொறாமைப்பட வேண்டாமா?

உன்னைவிடப் பதினோரு நாள் முன்னால் பிறந்தும், ஒருநாளும் உன் வாயால் அண்ணா என்று கூப்பிடப்படாத
உன் அண்ணன்,
ரகு