இரண்டாவது வண்டி

மார்ச் 2, திங்கள்

ஒருவழியாக முடிவாகிவிட்டது. மே மாதம் போகிறோம். பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்கு ஆளுக்கொரு மோட்டார் பைக்கில் மூன்று பேர்: நான், இவர், என் தம்பி. பிள்ளைகளின் படிப்பு, இவருடைய முட்டிவலி, தம்பியின் கல்யாணம் என்று வருடா வருடம் ஏதாவது குறுக்கே வந்து விழும். இந்த முறை யாரும் எதைச் சொல்லியும் தப்பிக்க முடியாது.

சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து நானே வழி சொன்னேன். முதல் நாள் சமவெளி, ராத்திரி ஆற்றங்கரை ஊரில் தங்கல். மறுநாள் மலை ஏற்றம். அதன் பிறகு விளிம்புச் சாலை. பள்ளத்தாக்கின் ஓரத்தை ஒட்டியே போகும், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே கிடையாது. அந்தச் சாலையில் நான் முன்னால் போக வேண்டும், இவர்கள் பின்னால் வர வேண்டும். மனதுக்குள் எத்தனையோ தடவை போய்வந்துவிட்டேன்.

ஒன்றுதான் உறுத்துகிறது. தம்பிக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். காலையில் வாயைத் திறந்தால் படுக்கும்போதுதான் மூடுவான். இன்றைக்கு நான் பேசப் பேச அவன் இவரைப் பார்க்கிறான், இவர் வரைபடத்தைப் பார்க்கிறார். போன மாதம் ஏரிப்பக்கம் போய்வந்ததிலிருந்தே இப்படித்தான். அன்றைக்கு ஒரு வேன்காரன் காரணமே இல்லாமல் ஹார்னை அமுக்கிக்கொண்டு போனான். அதைப் பற்றிக்கூட ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. அவனாவது, ஹார்ன் அடித்தவனைத் திட்டாமல் விடுவதாவது!

மார்ச் 5, வியாழன்

காலையில் டீ கொட்டிப்போனது. என் இடது முழங்கைக்குப் பக்கத்தில் கோப்பையை வைத்தது இவர்தான். கேட்டேன். "சாரி, நான்தான் தள்ளி வச்சிருக்கணும்" என்றார்.

சாரியா? தப்பு தன்மேல் இருந்தால்கூட அரைமணி நேரம் வாதாடிவிட்டுத்தான் இவர் இறங்கிவருவார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

வாசலுக்கு இடதுபக்கம் இருந்த செருப்பு அலமாரியைக் காணோம். பால்கனியில் கிடக்கிறது. இவர் வேலை. "இடத்தை அடைக்குது" என்றார். வீடு வாங்கிய நாளிலிருந்து அடைக்காத இடம் இன்றைக்கு அடைக்கிறது!

இன்னொன்று. சாப்பிடும்போது எனக்கு எதிரில்தான் உட்காருவார், அங்கிருந்துதான் டிவி தெரியும். இப்போது நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்துகொள்கிறார். முதுகுக்குப் பின்னால் மேட்ச் ஓடுகிறது, திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கடைத்தெருவில் நடந்தாலும் இடப்பக்கமே வருகிறார். ரோட்டைக் கடக்கும்போது முழங்கையைப் பிடித்துக்கொண்டார். என்ன திடீரென்று என்று கேட்டால், சும்மாதான் என்றார்.

ஒரு மனுஷன் சும்மா என்று சொன்னால் அதில் சும்மா எதுவுமே இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

வேலையில் மனம் ஓடவில்லை. நாங்கள் பல் செய்கிறவர்கள். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், அதற்குப் பொருந்துகிற மாதிரி நாங்கள் பல்லைச் செய்து திருப்பி அனுப்புவோம். விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தால் தலைமுடி அளவு விரிசல்கூட என் கண்ணுக்குத் தப்பாது. நான் செய்த பல் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை.

பக்கத்து மேசைக்காரியிடம் இவரைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கையிலிருந்த பல் செட்டுக்கு மெழுகு வைத்து முடித்தாள். அப்புறம் சொன்னாள், "திடீர்னு பாசம் பொங்குதுன்னா வேற எங்கயோ தீஞ்சிருக்குன்னு அர்த்தம்க்கா."

அவளுக்கு அனுபவம் உண்டு.

மார்ச் 13, வெள்ளி

கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டேன், மறுபடியும். இந்த வீட்டைக் கட்டியவனை நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

குப்பை கொட்டக் கீழே போனேன். வண்டி நிறுத்துமிடத்தில் இவரும் ரேடியோவும் நின்றுகொண்டிருந்தார்கள். "அக்காகிட்ட யாரு மாமா சொல்றது?" என்று அவன் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. என்னைப் பார்த்ததும் பேச்சு செயின் எண்ணெய்க்குத் தாவிவிட்டது. செயினுக்கு எண்ணெய் போடுவதை அக்காவிடம் யார் சொல்வது என்றா இரண்டு ஆம்பளைகள் தவித்துக்கொண்டிருந்தார்கள்?

என்னவாக இருக்கும்? என்னை விட்டுவிட்டு அவர்கள் இரண்டு பேர் மட்டும் போகத் திட்டமா? என் வண்டிக்கு ஆள் பார்த்துவிட்டார்களா? இல்லை — இவருக்கு வேறு எங்கேயாவது — எழுதக் கை கூசுகிறது. எழுதியும்விட்டேன் பார். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. மாடி மாடியாக ஏறி இறங்குகிற மனுஷன், ஒரு நாளைக்கு எத்தனை கதவு திறக்கும்?

சீ. முட்டிவலிக்காரர். ஆனால் மடியில் கனமில்லாவிட்டால் வழியில் எதற்குப் பயம்?

மார்ச் 20, வெள்ளி

இன்றைக்குப் பெரிய சண்டை.

விளிம்புச் சாலையில் நம் வண்டி வேண்டாமாம். பூங்காக்காரர்களே பஸ் விடுகிறார்களாம், சௌகரியமாம். பஸ்ஸில் போகிறதுக்கு எதுக்கு ஹெல்மெட்டு, எதுக்கு இத்தனை வருஷக் கனவு, ஆளுக்கொரு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கவா என்று கேட்டேன். ரேடியோ நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அதோடு விட்டாரா? தூரப் பயணம், கிளம்புவதற்கு முன் மூன்று பேருமே முட்டி, கண்ணு, பிரஷர் எல்லாம் காட்டிவிட்டு வரலாம் என்று தேன் தடவிப் பேசினார். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, உங்கள் முட்டியைப் போய்க் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இனிமேல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இவர்களைக் கவனிக்கப் போகிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

பயிற்சிக்காகக் காலையில் கிளம்பினோம். பெட்ரோல் போட்டு முடித்ததும், இன்றைக்குத் தான் முன்னால் போவதாக ரேடியோ சொன்னான். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பக்கத்தில் வந்தார்.

"நீ ரெண்டாவது வா. ரெண்டாவது வண்டிதான் முக்கியம். முன்னாடி போறவங்களுக்கு ரோடு மட்டும்தான் தெரியும். ரெண்டாவதா வர்றவங்களுக்குத்தான் முன்னாடியும் தெரியும், பின்னாடியும் தெரியும்."

ஹெல்மெட் வாரைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அவை என்னுடைய வார்த்தைகள். ஒரு சொல் மாறவில்லை.

கல்யாணமான புதிதில் இவருக்கு வளைவு என்றாலே நடுங்கும். சேர்ந்து ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: யார் ஓட்டம் பலவீனமோ, அவர் இரண்டாவது. முன்னால் போகிறவர் கண்ணாடியில் பார்த்து அவருக்காக வேகத்தைக் குறைப்பார், பின்னால் வருகிறவர் காவலுக்கு இருப்பார். அதை அப்படியே சொன்னால் புது மாப்பிள்ளை முகம் சுருங்குமே என்று அந்தப் பேச்சை நான்தான் ஜோடித்தேன். அன்றிலிருந்து எங்கே போனாலும் இவர் இரண்டாவது. பெருமையாகத்தான் வருவார்.

இப்போது அந்தப் பேச்சு எனக்கு.

வண்டியை அணைத்தேன். என்னிடம் என்ன பலவீனத்தைக் கண்டீர்கள், சொல்லாமல் இங்கிருந்து நகர மாட்டேன் என்றேன். பின்னால் கார்கள் காத்திருந்தன. யாரும் நகரவில்லை. ஏரிப்பக்கம் போனபோது இடதுபக்கச் சாலையிலிருந்து அந்த வேன் வந்ததை இவர் சொன்னார். அது என் முழங்கையை உரசாத குறையாகப் போனதாம். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். பொய் என்றேன். வேன் அளவுக்கு ஒரு பொருள் எப்படித் தெரியாமல் போகும்?

"தலையைத் திருப்பாம சொல்லு. ரேடியோ எங்க இருக்கான்?"

காசு கொடுக்க உள்ளே போயிருப்பான் என்று சொன்னேன்.

என் இடது தோளில் ஒரு கை விழுந்தது. அவன் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தான். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

மார்ச் 30, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. யாரோடும் பேசவில்லை.

செருப்பு அலமாரி, நாற்காலி, முழங்கை. எல்லாமே இடப்பக்கம்.

தெரிஞ்சுக்கிட்டே ஒரு மாசமா நடிச்சிருக்காங்க ரெண்டு பேரும். நேரா சொல்ல வேண்டியதுதானே? சொன்னா நான் கேட்டிருப்பேனா? கேட்டிருக்க மாட்டேன். அதுக்காகச் சொல்லாம இருக்கிறதா?

ஏப்ரல் 7, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எங்கே ஒளிப்புள்ளி தெரிந்தாலும் பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்ச நேரம் அழுத்தினேன். அப்புறம் புள்ளியே வரவில்லை. உங்கள் மெஷின் நின்றுவிட்டது என்று சொன்னேன்.

"இல்லம்மா, வந்துட்டுதான் இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

கண்ணுக்குள் அழுத்தமாம். நரம்பை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வருமாம், வலிக்காதாம். இடப்பக்கம் நிறையவே போயிருக்கிறது. போனது வராது. சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். நேரே பார்ப்பது நன்றாகவே இருக்கிறது, பல் வேலைக்குத் தடையில்லை. வண்டி மட்டும் ஓட்டக்கூடாது. டாக்டரம்மா இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் இவரைப் பார்த்தார்.

எனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். காணாமல் போன இடத்தை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளுமாம், கறுப்பாகக்கூடத் தெரியாதாம். வீட்டில் இருக்கிற எல்லோரையும் சந்தேகப்பட்டேன். என் மூளை ஒன்றைத்தான் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 8, புதன்

சாவியை இவர் கையில் கொடுத்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

ஏப்ரல் 9, வியாழன்

பயணம் வேண்டாம் என்றேன். இவர் மறுக்கவில்லை. மருந்து விட என்னை நிமிர்ந்து உட்காரச் சொன்னார். விளக்கெண்ணெய் விடப்போவதாக எழுதி வைத்தேனே, பலித்துவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது கேட்டேன். இரண்டாவது வண்டிதான் முக்கியம் என்று அந்தக் காலத்தில் நான் சொன்னதை நீங்கள் நம்பினீர்கள்தானே?

"எந்த மடையன் நம்புவான்? அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"ராத்திரி பூரா உக்காந்து யோசிச்ச மாதிரி அழகா சொன்னே. கெடுக்க மனசு வரல. அதுவும் இல்லாம, நீ கண்ணாடியில என்னைப் பார்த்துக்கிட்டே போவே. அது பிடிச்சிருந்தது."

மருந்து கன்னத்தில் வழிந்துவிட்டது. இன்னொரு சொட்டு விட வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 12, ஞாயிறு

போகலாம் என்று சொல்லிவிட்டேன். இவர் பின்னால் உட்கார்ந்து.

ஏப்ரல் 19, ஞாயிறு

பின்சீட்டில் முதல் தடவை. இப்படி ஒரு கொடுமை உண்டா! எதிரில் ஹெல்மெட்டைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை. பிரேக்கை முன்னாலேயே பிடிக்கிறார், கியரைத் தாமதமாக மாற்றுகிறார், வளைவைப் பார்த்ததும் தோள் இறுகுகிறது. நான் முதுகில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார்.

"வளைவுல நான் சாயுறப்ப நீ எதிர்ப்பக்கம் சாயுறே. வண்டி நிமிந்துக்குது. என்னை நம்பலைன்னா ரெண்டு பேரும் விழுவோம்."

நம்புகிறேன் என்று சொன்னேன். உடம்பு கேட்டால்தானே!

மே 9, சனி

ஆற்றங்கரை ஊர். ரேடியோ முன்னால், நாங்கள் இரண்டாவது. அவன் நின்ற இடத்திலெல்லாம் வாய் ஓயாமல் பேசினான். காது வலிக்கிறது. நிம்மதியாக இருக்கிறது.

அறைச் சாவியை இவர் எதற்கு என்னிடம் கொடுக்காமல் பையில் போட்டுக்கொண்டார் என்று தெரியவில்லை. ஓ, அது என் பை.

மே 10, ஞாயிறு

பார்வை மேடையில் கல்பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பஸ்ஸில் வரவில்லை. விளிம்புச் சாலையை வண்டியிலேயே கடந்தோம். பாறை வலதில், பள்ளம் இடதில். எனக்கு இல்லாத பக்கத்தில்தான் எல்லாமே இருந்தது. வழி முழுக்கத் தலையை இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே வந்தேன், கழுத்து பிடித்துக்கொண்டது. சிவப்பும் மஞ்சளுமாகப் படிப்படியாக இறங்கும் பாறை, அடியில் நூல் மாதிரி ஆறு. சாலையைப் பார்க்கவே இல்லை. நினைத்தபடி நானே முன்னால் ஓட்டிப் போயிருந்தால் சாலையை மட்டும்தான் பார்த்திருப்பேன். கடைசி வளைவைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது, நான் எப்போதோ இவரோடு சேர்ந்து சாய ஆரம்பித்திருக்கிறேன். இவர் தோளும் தளர்ந்திருந்தது.

மேடையில் வந்து நின்றதும் வழக்கம்போல என் இடப்பக்கம் வந்து நின்றுகொண்டார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. மறைக்கிறீங்க."

தயங்கினார். கம்பித் தடுப்பை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் வலப்பக்கம் வந்து நின்றார். நான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர்களும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது இவரும் ரேடியோவும் வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்று ஏதோ குசுகுசுவென்று பேசுகிறார்கள். நடுநடுவே என்னை வேறு பார்க்கிறார்கள். என்னவாக இருக்கும் என்று எழுத ஆரம்பித்து, அடித்துவிட்டேன். பேசிக்கொள்ளட்டும்.