பதினேழாம் பெட்டியில் ஒரு காலி வரி

நாள் 212. காலை 8.10. முகாம் வாசல்.

எழுதுவது சுப்புத்தாய். வயது அறுபத்தெட்டு. ஊர் சாத்தூர். படிப்பு ஐந்தாம் வகுப்பு.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் முதலில் இதைத் தெரிந்துகொள்ளட்டும். மூத்த பேத்தி இளவேனில், நிலாவின் தென்முனையில் பனிக்கட்டி தோண்டும் இந்த முகாமுக்கே தலைவி. இன்னும் முப்பது முடியவில்லை. அடுத்தவன் செந்தூரன், மதுரையில் எலும்பு டாக்டர். அவனைப் பார்க்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கடைக்குட்டி நறுமுகை, கோலூன்றித் தாண்டுவதில் மாநிலத்தில் தங்கம். மூன்றும் என் மகன் பிள்ளைகள். மூளை எங்கள் வழி.

மருமகளைப் பெற்ற ஹேமாவதி இதை ஒத்துக்கொள்ள மாட்டார். பாளையங்கோட்டையில் வேதியியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மூளை அவர் வழியாம். நறுமுகையின் தெத்துப்பல் மட்டும் எங்கள் வழியாம்.

அவரும் இங்கேதான் இருக்கிறார். நிலாவில் உடம்பு ஆறில் ஒரு பங்குதான் கனக்கும். தேய்ந்த முட்டு இங்கே என்ன ஆகிறது என்று ஆராய டாக்டர்கள் வயதானவர்கள் இரண்டு பேரைக் கேட்டார்கள். இளவேனில் இரண்டு பாட்டிகளையும் வரவழைத்துவிட்டாள். ஒரு பாட்டியும் ஒரு அந்நியரும் வந்திருந்தாலே போதும். யாரும் என்னைக் கேட்கவில்லை.

நடை: நாற்பது நிமிடம். முட்டுவலி: இல்லை. மூச்சு: சீர்.

நாள் 213. காலை 9.00. மூன்றாம் பெட்டி அருகே.

விண்வெளிச் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடக்க நாங்கள் சலிக்கக் கூடாது என்று பெட்டி தேடும் விளையாட்டு வைத்திருக்கிறார்கள். பூமியில் ஜியோகேஷிங் என்பார்களாம். முதல் வருடம் வந்தவர்கள் இருபது தகரப் பெட்டிகளைப் பாறை இடுக்குகளில் ஒளித்துவிட்டுப் போனார்கள். இடத்தின் கணக்கு எண் கொடுப்பார்கள். அதற்குப் பக்கத்தில் போய் நாமே துழாவ வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில், ஆபத்துக்கு ஒரு ஆக்ஸிஜன் குப்பி.

மூடியின் உள்பக்கம் மரியாதை விதிகள் ஒட்டியிருக்கும். கண்டவர் உள்ளே இருக்கும் நோட்டில் நாள், பெயர் எழுத வேண்டும். பிறகு கைப்பலகையில் தட்ட வேண்டும். சாப்பாட்டுக் கூடத்துப் பலகையில் அது வந்துவிடும். ஒளித்த இடத்தை வெளியே சொல்லக் கூடாது. அடுத்தவர் வரியின் மேல் எழுதக் கூடாது. குப்பி உண்டா இல்லையா என்று தவறாமல் எழுத வேண்டும். தேடிக் கிடைக்காவிட்டால் "காணவில்லை" என்று எழுத வேண்டும். அதில் அவமானம் இல்லை, அப்படி எழுதினால்தான் ஆள் போய்ப் பார்த்துச் சரிசெய்ய முடியும்.

விதி எழுதியவருக்கு மதினி இல்லை போலிருக்கிறது.

ஹேமாவதியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைச் சம்பந்தியம்மா என்பார். படித்தவர், ஒரு முழம் தள்ளி நின்றுதான் பேசுவார்.

மாதக் கடைசியில், அதுவரை யார் அதிகம் கண்டாரோ அவர் படம், தலைவியோடு சேர்த்து எடுத்து, சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டப்படும். மூன்று மாதமாக மதினி படம். அதில் இளவேனில் அவர் தோளில் தலை சாய்த்துச் சிரிக்கிறாள். மூன்று வேளையும் அதைப் பார்த்துக்கொண்டு நான் சாப்பிடுகிறேன். என் தோளில் அவள் சாய்ந்த படம் உலகத்திலேயே கிடையாது. பத்து வயது வரை அவளைத் தூக்கிச் சுமந்த தோள் இது.

இன்றைய நிலவரம்: நான் பதினான்கு. அவரும் பதினான்கு.

நாள் 214. காலை 11.20. பதினேழாம் பெட்டி இருக்க வேண்டிய இடம்.

மாதக் கடைசி நாள். சூரியன் இங்கே தலைக்கு மேல் ஏறுவதில்லை, மதில் மேல் பல்லி மாதிரி அடிவானத்திலேயே ஊர்கிறது. நிழல் ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். ஐம்பது நிமிடம் துழாவினேன். சாய்ந்த பாறை, அதன் பின்பக்கம், உடைந்த கல் குவியல், எல்லாம் பார்த்தாகிவிட்டது. பெட்டி இல்லை.

11.31. திரும்ப வேண்டிய நேரம். கைப்பலகையில் தட்டினேன்.

"பெட்டி 17. கண்டேன். குப்பி உண்டு."

நான்தான் தட்டினேன். இந்த நோட்டுக்கு மட்டும் சொல்கிறேன். பதினான்கு பெட்டியில் இருந்த குப்பி பதினைந்தாவதில் இல்லாமலா போகும்? நாளைக்கே வந்து கண்டுபிடித்துப் பெயர் எழுதிவிடுவேன். ஒரு நாள் முன்பின், அவ்வளவுதான்.

நாள் 215. காலை 7.45. சாப்பாட்டுக் கூடம்.

படம் ஒட்டிவிட்டார்கள். நானும் இளவேனிலும். அவசர வேலையாம், நேராக நின்றே எடுத்துக்கொண்டாள். தோளில் சாயவில்லை. இருந்தாலும் படம் படம்தான்.

8.30. நடைக்குப் போனபோது வானொலியில் வந்தது.

ஹேமாவதி: "வாழ்த்துகள் சம்பந்தியம்மா. படத்துல உங்க கண்ணு ரெண்டும் மூடியிருக்கு, பார்த்தீங்களா?"

நான்: "சந்தோஷத்துல மூடியிருக்கும் மதினி."

ஹேமாவதி: "பதினேழை நான் ரெண்டு தடவை தேடி, ரெண்டு தடவையும் காணலைன்னு எழுதினேன். நீங்க எப்படி எடுத்தீங்க? பாறைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

நான்: "இடத்தை வெளிய சொல்லக் கூடாதுன்னு விதி இருக்குல்ல? படிச்சவங்களே இப்படிக் கேட்டா?"

சிரித்துவிட்டு அணைத்துவிட்டார். விதி எனக்கு நன்றாகவே கைகொடுத்தது.

அவர் இரண்டு தடவை "காணவில்லை" எழுதியது பலகையில் இருக்கத்தான் செய்தது. நான் "கண்டேன்" என்றதும், போய்ப் பார்க்க இருந்த ஆளை வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்களாம். இதை மதியச் சாப்பாட்டில் கேட்டேன். ரசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

நாள் 218. காலை 10.00. முகாம் வாசல்.

மூன்று நாளாகப் பதினேழுக்குப் போக விடவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்தார், ஓய்வு என்றார். நாளைக்கு உண்டு.

நாள் 219. காலை 9.50. ஒன்பதாம் பெட்டி அருகே.

எனக்கு முன்பே மதினி பதினேழுக்குக் கிளம்பிவிட்டார். அவரை ஒன்பதில் நிற்கச் சொல்லி முந்தலாம் என்று வேகமாக வந்தேன். அவர் நிற்கவில்லை. அறுபத்தாறு வயதில் மான்குட்டி மாதிரி துள்ளுகிறார். எனக்கும் முட்டு சரியாகிவிட்டது, ஆனால் துள்ள வரவில்லை.

10.05. வானொலி.

ஹேமாவதி: "இளவேனில், என் முதுகுக் காத்துக் குழாய்ல கசிவு. அடைச்சுட்டேன். மிச்சம் முப்பது நிமிஷக் காத்துதான் காட்டுது."

இளவேனில்: "அம்மாச்சி, பதறாம நில்லுங்க. பெட்டி பன்னெண்டு உங்களுக்குப் பின்னால இருபத்திரெண்டு நிமிஷம். பதினேழு முன்னால பதினெட்டு. அப்பத்தா, பதினேழுல குப்பி இருக்குன்னு அஞ்சு நாள் முன்னதான் எழுதியிருக்கீங்க?"

பேசும் பொத்தானில் விரல் வைத்தேன். அழுத்தவில்லை.

இளவேனில்: "சரி, பலகையில இருக்கு. அம்மாச்சி, பதினேழுக்கே போங்க."

10.07. சொன்னால் அந்தப் படத்தைக் கழற்றுவாள். எல்லோரும் சோறு தின்னும்போது சுவர் காலியாக இருக்கும். அப்புறம் மதினி படம் ஒட்டுவார்கள்.

10.09. இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுகிற நேரத்தில் சொல்லியிருக்கலாம்.

10.11. சொல்லிவிட்டேன். அப்படியே எழுதுகிறேன்.

நான்: "மதினி, திரும்புங்க! பதினேழுல நான் எதையும் பார்க்கலை. பொய்யா எழுதிட்டேன். பன்னெண்டுக்குப் போங்க!"

ஹேமாவதி: "நல்லா இருக்கே! இதை நான் எடுத்தா பதினைஞ்சுக்குப் பதினைஞ்சு ஆயிடும்னு பயமா சம்பந்தியம்மா? மூச்சு முட்டுற நேரத்துலயுமா?"

நான்: "என் பேரன் பேத்தி மேல சத்தியம் மதினி."

ஹேமாவதி: "அவங்க எனக்கும் பேரன் பேத்திதான். என்னைப் பேச வைக்காதீங்க, காத்து செலவாகுது."

அதோடு மதினி வானொலியை அணைத்துவிட்டார்.

இளவேனில் கணக்குப் போட்டுச் சொன்னாள். ஆறு நிமிடம் முன்னால் சொல்லியிருந்தால் அம்மாச்சி பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். இப்போது பன்னிரண்டு இருபத்தெட்டு நிமிடத் தூரம். காற்று இருபத்து நான்கு நிமிடம். வண்டி பனிக்குழியில் இருக்கிறது. பதினேழுக்கு வந்து சேர மதியம் பன்னிரண்டு ஆகும்.

10.13. ஒன்பதாம் பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்துக்கொண்டேன். உள்ளே இருந்த நோட்டில் "குப்பியை எடுத்தேன், சுப்புத்தாய்" என்று எழுதினேன். ஒழுங்காக எழுதினேன். பன்னிரண்டு பாதை விலகி இருக்கிறது, சுற்றிப் போக நேரமில்லை. ஓடுகிறேன்.

10.44. பதினேழு.

கண்டேன்.

பெட்டியை அல்ல, முதலில் அவரை. சாய்ந்த பாறையின் அடியில், நான் குனிந்தே பார்க்காத மடிப்புக்குள், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அசையாமல் இருந்தால் காற்று கூடுதல் நேரம் வரும் என்று டாக்டர் சொன்னதைச் செய்திருக்கிறார். பதில் இல்லை. ஆனால் முகக் கண்ணாடியின் உள்பக்கம் மூச்சுப் பனி ஏறி ஏறி இறங்குகிறது. கொண்டுவந்த குப்பியை மாட்டினேன். பனி கொஞ்சம் பெரிதாக ஏறியது.

மடியில் தகரப் பெட்டி திறந்து கிடந்தது. அதில் குப்பி இல்லை. முதல் வருடத்தில் யாரோ எடுத்துவிட்டு எழுதாமல் போயிருக்கிறார். என்னைப் போல ஒருவர்.

பெட்டிக்குள் இருந்த நோட்டைப் பார்த்தேன். மூன்று பழைய பெயர்கள். அதன் கீழே ஒரு வரி காலியாக விடப்பட்டிருந்தது. அதற்குக் கீழே மதினியின் கையெழுத்து, வரிசை கோணாமல்:

"நாள் 219. 10.24. ஹேமாவதி. கண்டேன். குப்பி இல்லை. மேல் வரி மதினிக்கு. பெயர் எழுத மறந்திருப்பார்."

மதினி என்று எழுதியிருக்கிறார். எனக்குத் தெரிந்து முதல் தடவை.

நான் சத்தியம் செய்து சொன்ன பிறகும் எழுதியிருக்கிறார். நம்பாமல் எழுதினாரா, நம்பிய பிறகு எழுதினாரா என்று தெரியவில்லை. இதிலும் என்னை முந்திவிட்டார் பாவி மகள்.

10.49. கணக்கு.

வண்டி வர எழுபத்தொரு நிமிடம். மாட்டிய குப்பியில் நாற்பது நிமிடம். என் முதுகில் நாற்பது நிமிடம். சேர்த்தால் ஒருவருக்குத் தாராளம். பங்கு போட்டால் இரண்டு பேருக்கும் போதாது. ஐந்தாம் வகுப்புப் படிப்பு இந்தக் கணக்குக்கு எதேஷ்டம்.

10.52. என் காற்றை மதினிக்கு மாட்டப் போகிறேன் என்று இளவேனிலிடம் சொன்னேன்.

இளவேனில்: "அப்பத்தா, கழட்டாதீங்க. வேற வழி பார்க்கிறேன். அப்பத்தா, நான் சொல்றதைக் கேளுங்க, இது உத்தரவு!"

நான்: "உனக்கு உத்தரவு போடக் கத்துக்கொடுத்ததே நான்தானடி."

வானொலியை அணைத்துவிட்டேன். அவள் அழுவதைக் கேட்டால் கவனம் சிதறும். பிறகு பூட்டு சரியாக மாட்டாது.

10.55. என் குழாயைக் கழற்றி அவர் சட்டையில் பூட்டியாயிற்று. விளக்கு பச்சை. என் சட்டைக்குள் மிச்சம் இருக்கும் காற்று கொஞ்ச நேரம் தாங்கும்.

காலி வரியை நிரப்பிவிட்டேன்.

"நாள் 214. சுப்புத்தாய். தேடினேன். காணவில்லை."

எழுதியபோது உண்மையிலேயே அவமானமாக இல்லை. விதி எழுதியவர் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்.

இன்று பெட்டியைக் கண்ணால் கண்டேன். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்துக் கண்டது தேடியது ஆகாது. மதினி பதினைந்து. நான் பதினான்கு. பலகையில் திருத்தவும்.

10.58. இனிமேல் அவர் சோறு தின்பார். நறுமுகை கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காருவார். மூளை தன் வழி என்று எல்லோரிடமும் சொல்வார், மறுத்துப் பேச ஆள் இருக்காது. வயிறு எரிகிறது. எழுதாமல் விட்டால் அதுவும் பொய்.

மூளை ரெண்டு வழி. இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

11.01. எழுத்து கோணுகிறது. வரி தெரியவில்லை.

இளவேனில், இந்த நோட்டு உனக்கு. என் படத்தைக் கழற்று. கண் மூடின படம். அது வேண்டாம்.

புதுப் படம் எடு. மதினியும் நீயும். அவங்க குணமானதும். நீ தோளில்

நல்லா சாஞ்சுக்கோ. எனக்கு எரியும்தான். எரியட்டும்.

நான் உக்காருற இடத்துக்கு எதிரே ஒட்டு