இறால் உரிக்கும்போது ஆடிய கால்

வெர்லி,

கம்போ குழம்பு அடுப்பில் இருக்கிறது. இறாலைக் கடைசியில் போட்டால் போதும், உரித்து வைத்துவிட்டேன்.

உரிக்கும்போது நம் மகள் நதீனின் புது ஆல்பத்தைப் போட்டேன். குறை கண்டுபிடிக்கத்தான். மூன்றாவது பாட்டில் நம் ஊர் ஸைடெகோ ஆட்டப்பாட்டின் அக்கார்டியனுக்குள் அந்த ராப் வந்து விழுந்ததும் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஒடீல் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, தனியாவா ஆடுறீங்க? வெர்லி எங்க?" என்றாள்.

போன சனிக்கிழமை நதீன் மேடையில் வாசிக்கும்போது, "வாங்க, ஆடலாம்" என்று நீ கை நீட்டினாய். "இந்தக் கூச்சலுக்கெல்லாம் எவன் ஆடுவான்?" என்று ஊரே கேட்கச் சொன்னேன். நீட்டிய கையோடு நீ நின்றதும், மேடையில் அவளுக்குத் தாளம் தப்பியதும் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கம். அதனால்தான் சீட்டு.

அவளுடைய ஸ்பீக்கர்களை ஏற்றிக்கொண்டு இன்று அவள் வாசிக்கும் ஓபலூசாஸ் ஊர் ஹாலுக்குப் போகிறேன். அவற்றை ஏற்ற வண்டி தரமாட்டேன் என்றவனும் நான்தான். உன் கார் சாவி ரொட்டி டப்பா மேல்.

ஆல்ஃபே

மறந்துவிட்டேன்: ஏழு மணிக்கு ஆரம்பம். இன்று நீ கை நீட்டவேண்டாம், நான் நீட்டிக்கொண்டு நிற்கிறேன். நீ வராவிட்டாலும் மடக்கமாட்டேன். ஊர் பார்க்கட்டும்.